அடுப்பு ஓரிடம், பந்தி ஓரிடம்

ஹைதராபாத்தின் பேகம்பேட் விமான நிலையத்தை நம் உறுப்பினர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2008-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி ஷம்ஷாபாத்தில் புதிய விமான நிலையம் செயல்படத் தொடங்கும் வரை, சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் டில்லிக்கும் போகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்பட்டார்கள். பொதுமக்களுக்கான விமான சேவை நின்றுபோன பின் அந்த நிலையம் அமைதியாகிவிட்டது. விமானக் கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் மறுபடி கூட்டம் கூடுகிறது.

அந்த நிலையத்தில் தினந்தோறும் நடந்த ஒரு காரியத்தை யாரும் அதிசயமாக எண்ணியதில்லை. நூறு, நூற்றைம்பது பேர் ஏறும் விமானத்தில் சமையலறை கிடையாது, தீ மூட்டும் அடுப்பு கிடையாது, சமையற்காரரும் கிடையாது. ஆனாலும் விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்த சிறிது நேரத்தில் எல்லோர் முன்னும் ஆவி பறக்கும் சிற்றுண்டி வந்துவிடும்.

சமையலறை இல்லாத இடத்தில் ஒரு பெருங்கூட்டத்துக்குச் சூடாக அன்னமிடுவது எப்படி? சுமார் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல தேசத்தார் இந்தக் கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறார்கள். இது நாக்கின் சௌகரியத்தைப் பற்றிய கேள்வி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அடுப்பை வைக்கக் கூடாத இடத்தில் வைத்ததால் கும்பகோணத்தில் 94 குழந்தைகளையும் மதுரையில் 9 யாத்ரீகர்களையும் நாம் இழந்திருக்கிறோம். ஆகவே இதன் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நமக்கு நல்லது.

இந்தச் சரித்திரத்தை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளலாம். யார் சமைத்தது? எங்கே சமைத்தது? எப்போது சமைத்தது?

யார் சமைத்தது?

பயணம் என்றால் நம் பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். மடி ஆசாரம் பார்த்தவர்கள் வெளியில் கை நனைக்க மாட்டார்கள். அதனால் கட்டுச்சாதக் கூடை இல்லாமல் எந்தப் பிரயாணமும் கிடையாது. புளியோதரை, தயிர் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆகிய மூன்றும் தலைமுறை தலைமுறையாகக் கூடையில் இடம் பிடித்தது ருசிக்காக மட்டுமல்ல. புளிப்பு மிகுந்த பண்டத்தில் கிருமிகள் பெருகுவது மட்டுப்படும். ரசாயனப் பாடம் படிக்காத பாட்டிமார்கள் அனுபவத்தால் அறிந்து வைத்திருந்த விஷயம் இது. ஆனால் கட்டுச்சாதம் ஆறிப்போன சாதம்தான். அதில் சூட்டுக்கு இடமில்லை.

ரயில் வந்த பின் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகள் தோன்றின. தென்னிந்தியாவில் அங்கேயும் 'யார்' என்ற கேள்வி விடவில்லை. 'பிராமணாள்' என்றும் 'இதராள்' என்றும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எதிர்ப்புக் கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1941-ல் ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. பசிக்கு ஜாதி கிடையாது. அது போனது நியாயமே.

வெளியிலும் சாப்பிடக் கூடாது, ஆறியதையும் சாப்பிடக் கூடாது என்றால் என்ன செய்வது? அந்தச் சங்கடத்துக்கு 1910-ல் கல்கத்தாவில் ஒரு நல்ல விடை கிடைத்தது. இந்துமாதவ் மல்லிக் என்ற வைத்தியர் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தைக் கண்டுபிடித்தார். சுகாதாரம், சிக்கனம் என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துப் பண்ணிய பெயர் அது. ஓர் உருளையின் அடியில் கொஞ்சம் கரிக் கங்கு. அதற்கு மேல் தண்ணீர். தண்ணீருக்கு மேல் அரிசி, பருப்பு, காய்கறி என்று அடுக்கடுக்காகக் கிண்ணங்கள். மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பினால் சாப்பாடு தயாராக இருக்கும். அருகில் நின்று கிளற வேண்டியதில்லை. நம் பக்கத்து வீடுகளில் ருக்மணி குக்கர் என்ற பெயரில் இதே மாதிரியான அடுக்குக் குக்கர் இருந்ததை எழுபது வயதைக் கடந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதற்கும் முன்பே ஐரோப்பாவில் வேறொரு யுக்தி அரங்கேறியிருந்தது. 1867-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வே நாட்டைச் சேர்ந்த யோஹான் சோரன்சென் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கொதித்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, சூட்டைக் கடத்தாத பொருளால் உட்புறம் மெத்தை போட்ட அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டியது. அடுப்பு அணைந்த பிறகும் உள்ளே இருப்பது பல மணி நேரம் வெந்துகொண்டே இருக்கும். ஏழை வீடுகளில் வைக்கோலைத் திணித்தே இத்தகைய பெட்டிகளைச் செய்துகொண்டார்கள். 1892-ல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர், இரட்டைச் சுவர்களுக்கு இடையே காற்றை வெளியேற்றிய குடுவையை உருவாக்கினார். நாம் காப்பி கொண்டுபோகும் பிளாஸ்குக்கு மூதாதை அதுதான்.

வெப்பத்தை உண்டாக்குவது ஒரு வேலை, அதை ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது இன்னொரு வேலை என்பதை இந்தக் கண்டுபிடிப்புகள் காட்டிவிட்டன. முதல் வேலைக்குத்தான் தீ தேவை. இரண்டாவதற்குத் தேவை ஒரு நல்ல மூடியும் ஒரு நல்ல சுவருமே. இரண்டையும் பிரிக்க முடியும் என்று தெரிந்த பிறகு, அடுப்பு ஓரிடத்திலும் பந்தி ஓரிடத்திலும் இருக்க முடியும் என்றாகிவிட்டது.

எங்கே சமைத்தது?

இந்தப் பிரிவினையைத் தயக்கமே இல்லாமல் ஏற்றுக்கொண்டது விமானம்தான். அதற்கு வேறு வழியும் இல்லை.

1919 அக்டோபர் 11-ம் தேதி, லண்டன் - பாரிஸ் தடத்தில் பறந்த ஹாண்ட்லி பேஜ் நிறுவனம் பயணிகளுக்கு மதிய உணவுக் கூடைகளை மூன்று ஷில்லிங் விலைக்குக் கொடுத்தது. வானத்தில் வரிசையாகப் பரிமாறப்பட்ட முதல் சாப்பாடு என்று அதைச் சொல்வார்கள். அதுவும் நம் கட்டுச்சாதம் போல ஆறியதுதான். 1936-ல் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம், ஆகாயத்தில் உண்பதற்காகத் தரையிலேயே ஒரு தனிச் சமையலறையைக் கலிபோர்னியாவின் ஓக்லந்தில் அமைத்தது. அங்கே சமைத்தவற்றை வெப்பக் காப்புக் கலங்களில் அடைத்து விமானத்தில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில்தான் டக்ளஸ் டிசி-3 விமானம் பிரபலமாயிற்று.

யுத்தத்துக்குப் பின் பேகம்பேட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதே விமானம்தான். டகோட்டா என்று நாம் சொல்வது அதைத்தான். 1930-களில் நிஜாமின் ஆதரவில் விமானக் கழகத்தோடு தொடங்கிய பேகம்பேட் தளத்தில், 1945-ல் நிஜாம் அரசும் டாடா நிறுவனமும் கூட்டாக டெக்கான் ஏர்வேஸ் என்ற கம்பெனியை நிறுவின. நாட்டின் முதல் பெண் வர்த்தக விமானி பிரேம் மாத்தூருக்கு வேலை கொடுத்த கம்பெனி என்ற பெருமை அதற்கு உண்டு. 1953 ஆகஸ்ட் 1-ம் தேதி விமானக் கம்பெனிகள் தேசியமயமானபோது, டெக்கான் ஏர்வேஸும் மற்ற ஏழு கம்பெனிகளோடு இந்தியன் ஏர்லைன்ஸில் கலந்துவிட்டது.

விமானத்தில் அரிசி களைந்து உலை வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். தீ ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். பௌதிகமும் குறுக்கே நிற்கிறது. ஜெட் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளபடி இருப்பதில்லை. ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரமுள்ள மலை உச்சியின் அழுத்தம் வரை அது குறைந்துவிடும். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதம் வேக நேரமாகும், பருப்பு இன்னும் படுத்தும். ஆகவே வேகவைக்கும் வேலை முழுவதும் தரையில். மேலே நடப்பது சுடவைப்பது மட்டுமே. 1945-ல் அமெரிக்காவில் வில்லியம் மாக்ஸன் என்பவர், உறைய வைத்த சாப்பாட்டுத் தட்டுகளை விமானத்திலேயே சுடவைக்க, விசிறி வைத்த மின் அடுப்பு ஒன்றை அமைத்தார். இப்போதைய விமான அடுப்புகளும் அதே வம்சம்தான். சூடான காற்று சுழன்று வரும். தீயின் நாக்கு எங்கும் தலைகாட்டாது.

'மக்கள் அடைந்து கிடக்கும் இடத்தில் திறந்த தீ கூடாது' என்பது விமானத்தில் மறுபேச்சில்லாத விதி. அதே விதியைத் தரையில் நாம் கடைப்பிடித்தோமா?

2001 நவம்பர் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான ஆணை பிறப்பித்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்குத் தானியமாக அல்ல, சமைத்த உணவாகவே கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆணை. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுவதும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பசித்த குழந்தை பள்ளிக்கு வந்தது, படித்தது. இதைவிடப் பெரிய அன்னதானம் வேறில்லை. ஆனால் சமைப்பதற்கு எல்லாப் பள்ளிகளிலும் தகுந்த இடம் இருந்ததா?

2004 ஜூலை 16-ம் தேதி வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில், சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவிற்று. கீற்றுக் கூரை. வகுப்பறைகளுக்கும் அதே கூரைதான். மாடியில் இருந்த குழந்தைகள் இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் மடிந்தனர். கோயில் நகரமாம் கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு வெகு தூரமில்லாத தெருவில் நடந்தது இது. இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தச் செய்தியை எழுதக் கை நடுங்குகிறது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. விசாரணைக் கமிஷன் அமைந்தது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் தீயணைப்புப் பாதுகாப்பை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. பள்ளி வளாகத்தில் சமைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. சுடச்சுடப் பரிமாறவும் முடிகிறது. சமையற்கூடம் வகுப்பறையை விட்டு விலகி, பற்றாத கூரையோடு நிற்க வேண்டும் என்பதே பாடம்.

ரயிலுக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் வெளியான ரயில்வே உணவுக் கொள்கை, சமைப்பதையும் பரிமாறுவதையும் இரண்டாகப் பிரித்தது. வழியில் உள்ள தளச் சமையலறைகளில் சமைத்து ரயிலில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. விமானத்தின் வழி இப்போது தண்டவாளத்துக்கும் வந்தது. எரியக்கூடிய பொருள்களைப் பயணிகள் ரயிலில் கொண்டுபோவது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

சட்டம் இருந்தும் என்ன? 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு தனிப் பெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்திரைக் குழு அதில் இருந்தது. நாகர்கோவில் பார்த்துவிட்டு, ராமேஸ்வரம் போகக் காத்திருந்தார்கள். பெட்டிக்குள் ரகசியமாகக் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரில் தேநீர் போட முயன்றபோது, ஐந்தேகால் மணி சுமாருக்குத் தீப்பிடித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருக்க, பூட்டிய பெட்டிக்குள் அடுப்பு மூட்ட வேண்டிய அவசியம் என்ன? நம் ஊர்ப் பழக்கத்தில் தயாரான சூடான பானம் வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். அந்த ஆசை நமக்கு அந்நியமானதா? காசி, கயா, பத்ரி என்று சமையற்காரரையும் பாத்திர பண்டங்களையும் கூட்டிக்கொண்டு புறப்படும் கோஷ்டிகள் நம்மிடையே எத்தனை! மதுரையில் எரிந்த பெட்டியில் இருந்தவர்கள் நம்மைப் போன்ற யாத்ரீகர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எப்போது சமைத்தது?

அடுப்பைத் தள்ளி வைத்தாகிவிட்டது. அதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அடுப்புக்கும் பந்திக்கும் நடுவே தூரம் வந்துவிட்டது. தூரம் என்றால் நேரம். நேரம் கிருமிகளின் நண்பன்.

1975 பிப்ரவரி 3-ம் தேதி நடந்த ஒரு சம்பவம் உலகம் முழுவதும் உணவு நிபுணர்களுக்குப் பாடமாயிற்று. டோக்கியோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகப் பாரிஸுக்குப் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 344 பயணிகள். காலைச் சிற்றுண்டி முடிந்து, கோபன்ஹேகனில் இறங்கும் சமயத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கின. 197 பேர் நோயுற்றார்கள். காரணம், ஆங்கரேஜில் சிற்றுண்டி தயாரித்தவரின் விரலில் இருந்த சீழ்ப்புண். அதிலிருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் சேர்ந்தது. உணவு பல மணி நேரம் குளிர்ப்பெட்டிக்கு வெளியே இருந்ததில் அது பெருகி விஷத்தைக் கக்கியது. விமானத்தில் பரிமாறும் முன் நன்றாகச் சுடவைத்தார்கள். கிருமி செத்திருக்கும், விஷம் சாகவில்லை. சூடாக இருக்கிறது என்பதால் நல்லதாக இருக்கிறது என்று பொருளாகாது.

அது மாமிசமும் முட்டையும் சேர்ந்த பண்டம், நமக்கென்ன என்று சொல்லிவிட முடியாது. நம் அரிசிச் சாதத்துக்கே ஒரு கிருமி உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சாதத்தை வடித்து, அறைச் சூட்டில் மணிக்கணக்கில் குவித்து வைத்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் அதன் விஷமும் மறுபடி சுடவைத்தால் அழிவதில்லை. பருப்புக் குழம்பையும் சாம்பாரையும் பெரிய அண்டாவில் ஆறவிட்டால் பெருகுவது வேறொன்று: குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். 45 டிகிரி அளவில் அது ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டிப்பு. ஒன்று நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆகிவிடும்.

ஆகவே உணவு விஞ்ஞானிகள் ஓர் எளிய எல்லை வகுத்திருக்கிறார்கள். சூடான பண்டம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிர்ந்த பண்டம் 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. நடுவே உள்ளது அபாய மண்டலம். விமானக் கம்பெனிகள் சமைத்ததைச் சீக்கிரமே குளிர வைத்து, குளிர்ச்சியாகவே ஏற்றி, மேலே சுடவைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டன. அதற்கு ஏகப்பட்ட யந்திரங்கள் வேண்டும். ஏழைக் குழந்தைகளின் மதிய உணவுக்கு அந்தச் செலவு கட்டுமா?

அங்கேதான் நம் நாட்டார் வேறு வழி கண்டார்கள். 2000-ம் ஆண்டு பெங்களூரில் ஐந்து பள்ளிகளின் 1,500 குழந்தைகளோடு அட்சய பாத்திரம் திட்டம் தொடங்கியது. ஒரே பெரிய சமையற்கூடம், சுற்றுவட்டாரப் பள்ளிகள் அனைத்துக்கும் உணவு. அங்கே அண்டாவின் அடியில் தீ எரிவதில்லை. கொதிகலனிலிருந்து நீராவி வருகிறது. ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுச் செல்லும் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த மறை வெப்பம்தான் பெரும் பெரும் கொப்பரைகளில் சாதத்தையும் சாம்பாரையும் அடிப்பிடிக்காமல், விரைவில் வேகவைக்கிறது. வெந்ததும் எவர்சில்வர் பாத்திரங்களில் இறுக மூடி, வெப்பக் காப்புள்ள வண்டிகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதிகாலையில் சமையலைத் தொடங்கி, பள்ளி மணி அடிக்குமுன் கொண்டு சேர்ப்பது என்று நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணி வேலை செய்கிறார்கள்.

அதே முறையை ஹைதராபாத் நகரம் 2014 மார்ச்சில் பெரியவர்களுக்கும் கொண்டுவந்தது. ஹைதராபாத் மாநகராட்சியும் ஹரே கிருஷ்ணா இயக்கத்தின் அறக்கட்டளையும் சேர்ந்து 'அன்னபூர்ணா' என்ற பெயரில் ரூ.5-க்கு மதியச் சாப்பாடு போடத் தொடங்கின. முதல் மையம் நாம்பள்ளியில். சாதம், சாம்பார், கறி, ஊறுகாய். பரிமாறும் இடம் பல தெருக்களில் ஒரு சின்னக் கூண்டு மட்டுமே. அங்கே சமையலறையும் இல்லை, அடுப்பும் இல்லை. வெளியே சமைத்து மூடிய பாத்திரங்களில் வரும் உணவு, கட்டட வேலைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் உறவினர், போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்த ஏழை மாணவர் எல்லோர் தட்டிலும் விழுகிறது. 2020 ஊரடங்குக் காலத்தில் வேலையிழந்தவர்களுக்கு இதே மையங்கள் மூலம் இலவசமாகவே சாப்பாடு போட்டார்கள். 2025-ல் திட்டத்தின் பெயர் மாறி, காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பெயர் எதுவானால் என்ன? பேகம்பேட்டில் விமானம் ஏறியவருக்கு வானத்தில் கிடைத்த வசதி, அதே ஊரில் கூலிக்காரருக்குத் தெருவோரத்தில் கிடைக்கிறது. தள்ளி நின்ற அடுப்பால் வந்த நன்மை இது.

நாம் செய்ய வேண்டியது

'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை' என்று அவசரக்காரனைப் பழிப்போம். கூட்டத்துக்குச் சமைப்பவன் விஷயத்தில் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டும். அவன் ஆக்கியதை ஆறப் பொறுக்கவே கூடாது.

இன்று நம் வீட்டு விசேஷங்கள் பலவும் சமையலறை இல்லாத இடங்களில்தான் நடக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்திலோ ஓட்டல் அரங்கிலோ அடுப்பு மூட்ட அனுமதி இருக்காது. ஆயுஷ்ஹோமமோ சஷ்டியப்தபூர்த்தியோ, காலை நாலு மணிக்குக் காண்டிராக்டர் தன் கூடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புகிறார். இலை போடும்போது மணி பன்னிரண்டரை. எட்டரை மணி நேரம்! 'எந்தக் காண்டிராக்டர், நம்மவரா?' என்று விசாரிக்கிறோம். 'எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கினீர்கள்?' என்று யாராவது கேட்கிறோமா? பந்தியில் உட்காரும் எண்பது வயதுப் பெரியவருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதுவே முக்கியமான கேள்வி.

ஒரு கணக்கு சொல்கிறேன். நூறு கிலோ சாம்பார் 95 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு இறங்க வேண்டுமானால் சுமார் 3,500 கிலோ கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஏறத்தாழ 300 கிராம் சமையல் வாயு எரிந்து தரும் வெப்பம் அது. நல்ல மூடியும் வெப்பக் காப்புச் சுவரும் இருந்தால் அந்த வெப்பத்தைப் பந்தி முடியும் வரை பிடித்து வைக்கலாம். வேறு தீ வேண்டாம். பாத்திரம் பெரிதாகப் பெரிதாக ஒரு லிட்டருக்கு இழக்கும் வெப்பம் குறைகிறது என்பதும் நமக்கு அனுகூலம். ஆனால் அதே பெரிய அண்டாவை மூடாமல் வைத்துவிட்டால், நடுப்பகுதி மெல்ல மெல்ல ஆறி அபாய மண்டலத்தில் நீண்ட நேரம் தங்கும். அனுகூலமே பிரதிகூலமாகும்.

ஆகவே நம் விசேஷங்களுக்கும் யாத்திரைகளுக்கும் சில நியமங்களை வைத்துக்கொள்ளலாம். ஹாட் பாக்ஸில் பண்டத்தை நிரப்புமுன் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்து, பாத்திரத்தையே சூடாக்கிக்கொள்ள வேண்டும். பாதி நிரப்பி அனுப்பாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பந்தி தொடங்குமுன் அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. மூடியின் மேல் அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தைச் சாக்கட்டியால் எழுதச் சொல்ல வேண்டும். உணவுக்குள் செருகிப் பார்க்கும் உஷ்ணமானி ஒன்றைச் சங்கக் கிளை தோறும் வாங்கி வைக்கலாம், விலை அதிகமில்லை. அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சாதத்தை, மனசு கேட்காவிட்டாலும் தள்ளிவிட வேண்டும். கையில் காயமோ புண்ணோ உள்ளவர் அன்று பரிமாறும் கைங்கர்யத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அப்பளம், வடை, பூரி போன்றவற்றை மூடிய பெட்டியில் அனுப்புவதில் பிரயோஜனமில்லை. நீராவி பட்டு நமுத்துவிடும். பொங்கல், சாம்பார் சாதம், கூட்டு போன்ற ஈரப் பண்டங்களுக்கு ஹாட் பாக்ஸ் தோதானது. வண்டியில் நெடுநேரம் போக வேண்டுமானால் பாட்டியின் புளியோதரைக்கு நிகர் இன்னும் பிறக்கவில்லை.

ரயில் பெட்டிக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ சிலிண்டரும் ஸ்டவ்வும் எந்தக் காரணம் கொண்டும் ஏறக் கூடாது. யாத்திரை ஏற்பாடு செய்யும் அன்பர் 'சொந்தச் சமையல் உண்டு' என்று பெருமையாகச் சொன்னால், 'அடுப்பு எங்கே மூட்டுவீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். திறந்த வெளியிலோ சத்திரத்துச் சமையற்கட்டிலோ என்றால் சந்தோஷம். வண்டிக்குள் என்றால், ஆசாரத்தின் பெயராலும் அதை அனுமதிக்க வேண்டாம். தங்கும் ஊரில் சமைத்து வெப்பக் காப்புப் பாத்திரத்தில் எடுத்துப்போவது எளிது. வழியிலும் நமக்கேற்ற சாப்பாடு முன்கூட்டிச் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

அன்னமிட்டவரை 'அன்னதாதா சுகீ பவ' என்று வாழ்த்துவது நம் வழக்கம். உண்டவரும் சுகமாக எழுந்திருந்தால்தான் அந்த வாழ்த்து பலிக்கும். அதற்கு, யார் சமைத்தது என்று கேட்ட தலைமுறையின் பிள்ளைகளான நாம், எங்கே, எப்போது என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். அடுத்த விசேஷத்துக்குக் காண்டிராக்டரிடம் பேசும்போதே தொடங்கலாம்.